கல்லூரி விண்ணப்பமும் சமூக சேவையும்: திண்ணையில் கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். அதோடு பல ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலராகவும் இருந்து ஓய்வு பெற்றேன். மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் கோப்புகளோடு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கோப்பைத் திறந்தால் பாதிக்கு மேல் லேமினேஷன் செய்த சேவைச் சான்றிதழ்கள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை எத்தனை முறைதான் சொல்வது? எழுதியே வைத்துவிட்டேன்.

என்.எஸ்.எஸ். சான்றிதழ் இருந்தால் இன்ஜினீயரிங், மெடிக்கல் சீட் எளிதாகக் கிடைக்குமாமே, உண்மையா?

இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இதற்குள் சேவைக்கு அரை மதிப்பெண்கூட இடம் கிடையாது. எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் தரவரிசையோடு முடிந்துவிடுகிறது. ஐ.ஐ.டி. என்றால் ஜே.இ.இ. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் (மருத்துவத்தில் 2020 முதல், பொறியியலில் 2021 முதல்) பார்ப்பது எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைத்தான். விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. முதியோர் இல்லத்தில் சோறு பரிமாறியவருக்கு இல்லை.

"சேவைக்குக் கூடுதல் மார்க் உண்டு" என்று சொல்லி ஒருவர் உங்களிடம் பணம் கேட்டால், அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் யார்தான் பார்க்கிறார்கள்?

சிலர் பார்க்கிறார்கள். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் ஆகியோரோடு என்.சி.சி. (தேசிய மாணவர் படை) மாணவர்களுக்கும் இடம் உண்டு. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். சான்றிதழ் வீட்டில் இருக்கும், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை 'டிக்' செய்திருக்க மாட்டார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் அங்கே பாடத்துக்கு அப்பாற்பட்ட திறமைகளுக்கென்று வைத்திருக்கும் கூடுதல் இடங்களில் நடனம், விவாதம், நாடகத்தோடு என்.சி.சி., என்.எஸ்.எஸ். ஆகியவையும் சேர்த்தி.

அசோகா, அசிம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் தேர்வு வைத்து நேர்காணலும் நடத்துகின்றன. அங்கே "நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்" என்ற பேச்சு வரும். சமூகப் பணிப் பட்டமேற்படிப்புக்கு நேர்காணலே உயிர். ராணுவ அதிகாரியாவதற்கான என்.டி.ஏ. தேர்வு எழுதுபவர்களுக்கு, அதன் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் என்.சி.சி. அனுபவத்தைக் கட்டாயம் கிளறுவார்கள். பட்டப்படிப்பு முடித்து என்.சி.சி.யின் 'சி' சான்றிதழும் வைத்திருப்பவர் எழுத்துத் தேர்வே இல்லாமல் ராணுவ அதிகாரித் தேர்வின் நேர்காணலுக்குப் போகத் தனி வழி இருக்கிறது. ஆனால் இது மூன்றாண்டு, நான்காண்டு கழித்து வரும் பலன்.

பிறகு வெளிநாடு. அதற்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் குழப்பமெல்லாம் அங்கேயிருந்துதான் இறக்குமதியாகிறது.

என்.எஸ்.எஸ். 240 மணி நேரம் என்கிறார்களே, அதற்கு மதிப்பே இல்லையா?

நான் அப்படிச் சொல்வேனா? காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுக்கு 120 வீதம் இரண்டாண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். கல்லூரியில் சேர்ந்த பிறகு பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதியில் விரிவாக்கப் பணி என்று இதுவும் ஒரு தேர்வாக வரும்.

முகாம் என்றால் என்ன என்று போகாதவர்களுக்குத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டப் போயிருந்தோம். முதல் நாள் மதியத்துக்குள் பாதிப் பையன்களின் கையில் கொப்புளம். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வேரை விட்டுவிட்டு மேலே வெட்டினால் ஆடி மழைக்கு இரண்டு மடங்காய்த் துளிர்க்கும் தம்பி" என்று சொல்லி, மண்வெட்டியை வாங்கி வேரைச் சுற்றிப் பள்ளம் பறித்துக் காட்டினார். ஏழு நாளில் எழுபது மரம்கூடச் சாய்க்கவில்லை. ஆனால் சாய்த்தவை மறுபடி வரவில்லை. அந்த ஏழு நாளைப் பற்றிக் கேட்டால் அந்தப் பையன்கள் இன்றும் அரை மணி நேரம் பேசுவார்கள். நேர்காணலில் செல்லுபடியாவது அந்தப் பேச்சு. சான்றிதழ் கோப்பிலேயே இருக்கும்.

அமெரிக்கக் கல்லூரிகள் உண்மையிலேயே சேவையைப் பார்க்கின்றனவா?

பார்க்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்கு. அதை நீங்களே தெரிந்துகொள்ளலாம். அங்குள்ள பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற படிவத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் மிக முக்கியமா, முக்கியமா, கவனிப்போமா, கவனிக்கவே மாட்டோமா என்று அவர்களே குறித்திருப்பார்கள். தன்னார்வப் பணிக்கும் ஒரு வரி உண்டு. கல்லூரிப் பெயரையும் படிவத்தின் பெயரையும் போட்டு இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும். ஆலோசகருக்குக் கட்டும் பணத்துக்கு முன்னால் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள்.

பிரிட்டன் கதை வேறு. அங்கே யூகாஸ் என்ற பொது விண்ணப்பத்தில் பாடத்தின்மேல் உங்களுக்கு எவ்வளவு பிடிப்பு என்பதே கேள்வி. 2026 சேர்க்கை முதல் ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்து. மருத்துவம், செவிலியர் படிப்பு, சமூகப் பணி ஆகியவற்றுக்கு நோயாளிகளோடோ முதியோரோடோ இருந்த அனுபவம் பெரிதும் உதவும். கணிதம் படிக்கப் போகிறவர் கண்தான முகாமைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவது வீண்.

அமெரிக்க விண்ணப்பத்தில் சேவையை எப்படி எழுதுவது?

காமன் அப்ளிகேஷன் என்ற பொது விண்ணப்பத்தில் பாடம் தவிரச் செய்தவற்றுக்குப் பத்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யு.சி.) தனி விண்ணப்பத்தில் 20 இடங்கள் வரை உண்டு.

மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் முதல் வரைவைக் கொண்டுவந்தான். "ஏழை எளிய மக்களுக்குத் தன்னலமின்றித் தொண்டாற்றித் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்" என்பதன் ஆங்கிலம்.

"சரி தம்பி, சனிக்கிழமை காலையில் எங்கே இருந்தாய்?"

"ரேஷன் கடையில் சார்."

"எதற்கு?"

"அம்மாச்சிக்கு மிஷினில் கைரேகை விழாது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே இன்னும் நிறையக் கிழவிகளுக்கு விழாது சார். நாற்று நட்டு, களை பறித்து ரேகை தேய்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைப்பேன். நடக்கவே முடியாதவர்களுக்கு, வேறோர் ஆள் வாங்கலாம் என்று படிவம் எழுதிக் கொடுப்பேன்."

"எத்தனை பேருக்கு எழுதியிருப்பாய்?"

ஒரு நோட்டை எடுத்தான். பெயர், தெரு, கார்டில் எத்தனை பேர், எந்தத் தேதியில் கொடுத்தது, திரும்பி வந்ததா. 23 பெயர். இரண்டு ஆண்டு. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தன்னலமின்றித் தொண்டாற்றிக்கொண்டிருந்தான்!

கடைசியில் இப்படி எழுதினோம்: "ரேஷன் கடையில் கைரேகை விழாத 23 முதியவர்களுக்கு அங்கீகாரப் படிவம் எழுதினேன், திருப்பி அனுப்பியதைத் திருத்தி மறுபடி கொடுத்தேன்." 'சேவை' என்ற சொல்லே அதில் இல்லை. ஆங்கிலத்தில் 150 எழுத்துக்குள் அடக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

அவனுக்கு ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. உதவித்தொகை போதவில்லை. இப்போது கோவையில் பொறியியல் படிக்கிறான், கட்-ஆஃப் மதிப்பெண்ணில் சேர்ந்து. இதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

எங்கள் மகளுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. பள்ளி விட்டு வந்தால் பூக்கட்டுவாள், படுக்கையில் கிடக்கும் அப்பத்தாவைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு வாய்ப்பே இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் வரவில்லை. தவறாக ஏதோ கேட்டுவிட்டதுபோல முகம்.

அம்மா, காமன் அப்ளிகேஷனில் அந்தப் பத்து இடங்களுக்கு வகை குறிக்கும் பட்டியலிலேயே 'குடும்பப் பொறுப்புகள்' என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் தனி வகை இருக்கிறது. 2016 ஜனவரியில் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டக்குழு, பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் ஒப்புதலோடு, ஓர் அறிக்கை வெளியிட்டது. தூர தேசத்துக்குப் பறந்துபோய்ப் பத்து நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் சேவையைவிட, குறைந்தது ஓராண்டு விடாமல் செய்யும் பணியைப் பாருங்கள், வீட்டில் தம்பி தங்கையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்வதையும், குடும்பத்துக்காக வேலைக்குப் போவதையும் கணக்கில் எடுங்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள். வசதியில்லாத பிள்ளைகள் சேவை செய்யாதவர்கள் என்று தள்ளப்படுகிறார்களே என்ற கவலைதான் காரணம்.

பூக்கட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அது. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் காலையில் என்ன விலை, முகூர்த்த நாளில் அது எப்படித் தாவும், மார்கழிப் பனியில் வரத்து ஏன் குறையும், மொட்டு விரிவதற்குள் எத்தனை முழம் கட்டி முடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு விரல் நுனியில் இருக்கிறது. அப்பத்தாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருக்களித்துப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். செவிலியர் கல்லூரி இதைச் சொல்லித்தர ஒரு பாடவேளை எடுத்துக்கொள்ளும்.

அந்த மகளை அடுத்த நாள் வரச் சொல்லி, ஒரு வாரத்து வேலையை மணிக்கணக்கோடு எழுதச் சொன்னேன். 26 மணி நேரம் வந்தது. "இதெல்லாம் கணக்கா சார்?" என்று கேட்டாள்.

நம் ஊர் கலந்தாய்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். ஆனால் எழுதவும் பேசவும் இடமிருக்கும் எந்த விண்ணப்பத்திலும் இதை மறைக்காதீர்கள்.

மதுரையில் எங்கே போய்ச் செய்வது?

முதலில் உங்கள் தெருவில் பாருங்கள். இது ஒப்புக்குச் சொல்வது இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பதைத்தான் இரண்டு ஆண்டு விடாமல் செய்ய முடியும். பஸ் ஏறிப் போவதெல்லாம் மூன்றாவது வாரம் நின்றுவிடும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெயரைக் கேட்காதவர் இங்கே இல்லை. கிராமங்களில் அவர்கள் நடத்தும் கண் சிகிச்சை முகாம்களை உள்ளூர் அமைப்புகள்தான் முன்னின்று ஏற்பாடு செய்கின்றன. உங்கள் பகுதியில் முகாம் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் போய்க் கேளுங்கள்: வரிசையை ஒழுங்குபடுத்த, பெயர் எழுத, பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போக ஆள் வேண்டியிருக்கும். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய இடம், ஆனால் உங்கள் வட்டாரத்துக் கிளை நூலகத்துக்குத்தான் உங்கள் உதவி அதிகம் தேவைப்படும். கண்மாய், வாய்க்கால் வேலை என்றால் ஊர்க்காரர்களைக் கேட்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள்.

சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலில் நிற்பது நல்ல காரியம். மோர் கொடுத்துவிட்டுக் கீழே விழும் டம்ளர்களையும் பொறுக்கினால் இன்னும் நல்லது. விண்ணப்பத்தில் போட அது போதாது, ஆண்டுக்கு ஒரு நாள்தான்.

பணம் கட்டினால் 100 மணி நேரத்துக்குச் சான்றிதழ் தருகிறார்கள். வாங்கினால் என்ன தப்பு?

வைகை உடைப்பெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்குக் கூலியாளாக வந்த சொக்கநாதர், உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டுக் கரையில் படுத்துத் தூங்கினார். மற்றவர் பங்கெல்லாம் அடைந்தது, அந்தப் பங்கு மட்டும் அடையவில்லை. பிரம்படி விழுந்தது. வருகைப் பதிவில் பெயர் கொடுத்துவிட்டு வேலை செய்யாதவர்களில் முதல் ஆள் நம் ஊர்ச் சாமிதான்; அவருக்கே அடி. ஆவணியில் புட்டுத்தோப்புக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கோணத்தையும் சொல்லுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு மாணவரின் கோப்பில் முதியோர் இல்லத்தில் 100 மணி நேரம் என்று சான்றிதழ் இருந்தது. "அங்கே யாரோடு அதிகம் பேசுவாய்?" என்று கேட்டேன். விழித்தார். "சாப்பாடு எத்தனை மணிக்கு?" அதற்கும் பதில் இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியாரிடமே இரண்டு கேள்வி தாங்காத சான்றிதழ் நேர்காணலில் எத்தனை கேள்வி தாங்கும்? வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்திட வேண்டும். பொய் என்று பிறகு தெரிந்தாலும் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு.

எத்தனை மணி நேரம் இருந்தால் போதும்?

எண் எதுவும் கிடையாது. வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு ஆண்டு. இது என் கணக்கு, எந்தக் கல்லூரியின் விதியும் இல்லை.

எந்த வகுப்பில் தொடங்க வேண்டும்?

ஒன்பதில் தொடங்கினால் நல்லது. அமெரிக்க விண்ணப்பம் 9 முதல் 12 வரையுள்ள ஆண்டுகளைக் கேட்கிறது. பிளஸ் டூ டிசம்பரில் வந்து "எதையாவது சேர்த்துவிடுங்கள் சார்" என்பவர்களிடம் நான் சொல்வது: போய் நீட்டுக்கோ ஜே.இ.இ.க்கோ படி.

மதிப்பெண் குறைவாக இருந்தால் சேவை ஈடுகட்டுமா?

ஈடுகட்டாது. மதிப்பெண்ணில் ஏறக்குறைய சமமாக நிற்கும் இருவரில் ஒருவரை நினைவில் நிறுத்த உதவலாம்.

பிறந்த நாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் பிரியாணி கொடுத்தோம். அந்தப் படங்களை இணைக்கலாமா?

வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளிப்படும்படி படமோ பெயரோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். கையில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னதால் சிரிக்கும் அந்தப் பையனுக்கும் உங்கள் மகன் வயதுதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, மன்னிக்கவும்.

பரிந்துரைக் கடிதம் கவுன்சிலரிடம் வாங்கலாமா, எம்.எல்.ஏ.விடம் வாங்கலாமா?

உங்களை வேலை செய்யும்போது பார்த்தவரிடம் வாங்குங்கள். நூலகர், அங்கன்வாடிப் பணியாளர், முகாம் ஒருங்கிணைப்பாளர், யாராக இருந்தாலும் சரி. ஆசிரியர் கடிதங்களுக்கு மேல் வேறொருவரின் கடிதத்தையும் பல கல்லூரிகள் ஏற்கின்றன. அவர் தமிழில் எழுதட்டும், பள்ளி மொழிபெயர்த்துச் சான்றொப்பமிடலாம். அந்தப் பிள்ளை எந்த நாளில் என்ன செய்தது என்று நான்கு வரி இருந்தால் போதும். பெரிய மனிதரின் லெட்டர்பேடில் "நல்லொழுக்கம் உடையவர்" என்று எழுதி வாங்குவது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

காமன் அப்ளிகேஷனில் கேட்கும் 650 வார்த்தைக் கட்டுரையைச் சேவையைப் பற்றியே எழுதலாமா?

எழுதலாம். "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் கண்டேன்" என்று முடிப்பதாக இருந்தால் வேண்டாம். நீங்கள் செய்ததில் சொதப்பியது எது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதினால் படிக்கலாம். கருவேல வேர் கதை நினைவிருக்கிறதா? அதுபோல.

விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. இனியும் சனிக்கிழமை போக வேண்டுமா?

கல்லூரிக்காகப் போக வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், உங்களை நம்பிக் கார்டை எடுத்துக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள். அந்த மேலூர்ப் பையன் கோவைக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று சனிக்கிழமை தன் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிப் போய், எந்தப் படிவம், எந்தக் கட்டத்தில் குறை சொல்லித் திருப்புவார்கள் என்று காட்டிவிட்டு, நோட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். போன மாதம் அவள் திண்ணைக்கு வந்தாள். கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடும்பத் தலைவி இறந்துபோய் ஆறு மாதமாகியும் கார்டில் பெயர் மாற்றாத ஒரு தாத்தாவுக்கு எங்கே, எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனாள். நோட்டில் 31-ஆவது பெயர்.